ஏழு கையெழுத்தில் ஒரே பாடம்

அட்டை கிழிந்து, மீன்வலை நூலால் தைத்திருந்த நோட்டு அது. கம்போடியாவில் சியெம் ரீப் நகருக்குக் கிழக்கே, ரொலுவோஸ் தாண்டி ஒரு கிராமம். அங்கே ஒரு மூங்கில் கொட்டகையில் என் முதல் வகுப்பு முடிந்ததும் பதினொரு வயதுப் பிள்ளை ஒருத்தி அந்த நோட்டை என்னிடம் நீட்டினாள். தான் எவ்வளவு எழுதியிருக்கிறோம் என்று காட்டுகிற பெருமை அவள் முகத்தில் இருந்தது. முதல் பக்கத்தில் ரெட், புளூ, கிரீன், எல்லோ. மேல் வரி யாரோ ஒரு தன்னார்வலர் எழுதிக்கொடுத்தது. கீழே அவள் அதைப் பார்த்து எழுதிப் பழகியிருந்தாள். நாலு தாள் தள்ளி மறுபடியும் ரெட், புளூ, கிரீன், எல்லோ. இந்த முறை மேல் வரியின் எழுத்து சாய்ந்திருந்தது. இன்னும் சில பக்கம் தள்ளினால் அதே நிறங்கள், பச்சை மையில், குண்டு குண்டாக. எண்ணிப் பார்த்தேன். ஏழு முறை, ஏழு பேருடைய கையெழுத்து.

அன்று காலை நான் பலகையில் எழுதிப்போட்டிருந்ததும் ரெட், புளூ, கிரீன், எல்லோதான்.

நான் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் பன்னிரண்டாவது வரை தமிழ்வழியில் படித்தவள். இப்போது வேலை சிங்கப்பூரில். 2018 ஜூனில் இரண்டு மாதம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு கம்போடியா போகப்போகிறேன் என்று சொன்னபோது அம்மா போனில் கேட்டது ஒரே கேள்விதான்.

"அங்க போயி என்ன பண்ணப் போற?"

"ஏழைப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கப் போறேம்மா."

"ஏன், நம்ம ஊர்ல பிள்ளைக இல்லையா?"

அப்போது என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை இரண்டு மாதமும் கூடவே வைத்திருந்தேன்.

கம்போடியாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் 2016ல் அங்கே சுற்றுலா போனது. அங்கோர் கோயில் வாசல்களில் அஞ்சலட்டை விற்கும் சின்னப் பிள்ளைகள் நம்மைச் சூழ்ந்துகொள்வார்கள். பத்து அட்டையை ஒவ்வொன்றாக எடுத்து ஒன், டூ, த்ரீ என்று டென் வரை எண்ணிக்காட்டி "ஒன் டாலர்" என்பார்கள். நாம் பிரெஞ்சுக்காரராக இருந்தால் பிரெஞ்சிலும், ஜப்பானியராக இருந்தால் ஜப்பானிய மொழியிலும் எண்ணுவார்கள். பள்ளி நேரத்தில் அந்தப் பிள்ளைகள் அங்கே நிற்பதைப் பார்த்து மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதே பயணத்தில் ஒரு மாலை, ஓர் அனாதை இல்லத்தில் பிள்ளைகள் ஆடிய அப்சரா நடனத்துக்குப் போனேன். முடிந்ததும் உண்டியலில் இருபது டாலர் போட்டேன். ஒரு குட்டிப் பெண் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அறைக்குத் திரும்பி அன்று இரவு அழுதேன், நல்ல காரியம் செய்த நிறைவில்.

இன்று நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. 2011ல் கம்போடிய அரசும் யூனிசெப்பும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 2005க்கும் 2010க்கும் இடையில் அந்த நாட்டில் அனாதை இல்லங்களின் எண்ணிக்கை முக்கால் பங்கு கூடி 269 ஆகியிருந்தது. போர் ஓய்ந்து, நாடு தலையெடுத்து வந்த காலத்தில் இந்த வளர்ச்சி. அங்கே இருந்த பிள்ளைகளில் நாலில் மூன்று பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தார்கள். படிப்பு கிடைக்கும், சோறு கிடைக்கும் என்று வறுமையில் விட்டுவிட்டுப் போனவர்கள். வெள்ளைக்காரரும் என்னைப் போன்றவர்களும் உண்டியலில் போடும் பணம்தான் அந்த இல்லங்களைப் பெருக வைத்தது. முன்பின் தெரியாத ஒருத்தியின் இடுப்பை ஒரு பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொள்வது பாசம் அல்ல. வருகிறவர்கள் எல்லாரும் போய்விடுவார்கள் என்று பழகிப்போன பிள்ளை செய்வது அது. ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்கிற அமைப்பு, குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல என்று ஒரு பிரச்சாரமே நடத்தியது.

இதையெல்லாம் நான் படித்தது 2018ல், கிளம்புவதற்குச் சில வாரம் முன்னால்தான். அதற்குள் ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றுக்கு என் மாதச் சம்பளத்தில் பாதியைக் கட்டியிருந்தேன். அவர்கள் முதலில் எனக்கு ஒதுக்கியதும் ஓர் அனாதை இல்லம்தான். மாட்டேன் என்றேன். பிறகுதான் கிராமத்தில் நடக்கும் இந்த இலவச வகுப்பைக் கொடுத்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கே முன்னுரிமை என்றும், ஆள் குறைவாக இருப்பதால் என்னைச் சேர்த்துக்கொள்வதாகவும் மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள். என் கடவுச்சீட்டு நகலைக் கேட்டார்கள், சட்டை அளவு கேட்டார்கள். என் மேல் ஏதாவது போலீஸ் வழக்கு உண்டா என்று கடைசி வரை ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு என்னை அனுப்பினார்கள், நான் யார் என்று தெரியாமலே.

வகுப்புக்குப் போகும் வழி தேசிய நெடுஞ்சாலை ஆறு. அதிலிருந்து செம்மண் சாலை பிரியும். மழைக்காலம் ஆதலால் சைக்கிள் சக்கரம் பாதி புதையும். தெற்கே தொன்லே சாப் ஏரி. ஏரியிலிருந்து வெளியே ஓடும் ஆறு, மழைக்காலத்தில் மீகாங் நதி பெருகினால் திசை திரும்பி ஏரிக்குள் ஓடும். ஏரி பல மடங்கு விரியும். அந்தத் தண்ணீரை நம்பித்தான் அங்கே மீனும் நெல்லும். அது போதாத வீடுகளில் அப்பா அம்மா இருவரும் தாய்லாந்துக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் பாட்டியிடம். பாட்டியை 'யேய்' என்கிறார்கள். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டது யேய்கள்தான், கட்டம் போட்ட கிராமாத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு. ஒரு யேய் தன் கையை என் கையோடு சேர்த்துவைத்து நிறத்தைப் பார்த்துச் சிரித்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

அரசுப் பள்ளி அங்கே அரை நாள்தான். காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம். மீதி அரை நாளில்தான் இந்த மாதிரி ஆங்கில வகுப்புகள்: பகோடா என்கிற புத்த விகாரையில், வீட்டுக்கு அடியில், கொட்டகையில். இந்த ஆங்கிலப் பசி எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சொன்னது அங்கிருந்த உள்ளூர் ஆசிரியையின் அப்பா.

1975 ஏப்ரலில் கெமர் ரூஜ் என்கிற கம்யூனிஸ்ட் இயக்கத்தினர் ஆட்சியைப் பிடித்ததும் பள்ளிகளை மூடினார்கள். தலைநகர் நாம்பென்னில் ஒரு உயர்நிலைப் பள்ளியின் வகுப்பறைகளுக்குள் செங்கல் தடுப்பு வைத்துச் சிறை அறைகள் ஆக்கினார்கள். இன்று துவோல் ஸ்லெங் அருங்காட்சியகம் என்று எல்லாரும் போய்ப் பார்ப்பது அந்தப் பள்ளிக்கூடத்தைத்தான். படித்தவன் என்று தெரிந்தாலே உயிர் போகும் காலம். 1979 ஜனவரியில் அந்த ஆட்சி விழுந்தபோது மிஞ்சிய ஆசிரியர்கள் சொற்பம். அடுத்த பத்தாண்டு பள்ளியில் அந்நிய மொழி என்றால் வியட்நாம் மொழியும் ரஷ்ய மொழியும்தான். அந்த நாளில் ஆங்கிலத்தை ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கில், கதவைச் சாத்திக்கொண்டு, அரிசி கொடுத்துக் கற்றதாக அவர் சொன்னார். 1992ல் ஐ.நா. படையும் அதிகாரிகளும் இருபதாயிரத்துக்கு மேல் வந்து இறங்கினார்கள். ஆங்கிலம் தெரிந்தவனுக்கு அன்றே வேலை. 1999ல் கம்போடியா தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் சேர்ந்தது. அதன் அலுவல் மொழி ஆங்கிலம். அங்கோருக்குச் சுற்றுலாக் கூட்டம் பெருகப் பெருக, டுக்டுக் ஓட்டினாலும் ஹோட்டலில் படுக்கை விரித்தாலும் ஆங்கிலம் வேண்டும் என்றானது. அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வயிற்றோடு சேர்ந்தது. அதனால்தான் அந்த நோட்டின் ஏழு பக்கங்கள் எனக்கு அவ்வளவு வலித்தன.

தன்னார்வலர்கள் பெரும்பாலும் இரண்டு வாரம் இருப்பார்கள். முதல் நாள் பெயர் சொல்லல், இரண்டாம் நாள் நிறம், மூன்றாம் நாள் விலங்கு, பிறகு ஆடிப்பாடும் பாட்டு, கடைசி நாள் பலூனும் போட்டோவும். அடுத்த ஆள் வந்து மறுபடி பெயர் சொல்லல். யாரும் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. முன்னவர் எங்கே விட்டார் என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை என்றே நானும் முதலில் நினைத்தேன்.

ஆள் இருந்தாள். கொட்டகையின் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இருபத்துநாலு வயது, அந்த ஊர்க்காரி. பிள்ளைகள் அவளை 'நியாக் க்ரூ' என்பார்கள். ஆசிரியை என்று அர்த்தம். 'க்ரூ' நம்முடைய குருவேதான். பள்ளிக்கூடத்துக்கு அங்கே 'சாலா'. தன்னார்வலர் இல்லாத நாட்களில் வகுப்பு எடுப்பது அவள். தன்னார்வலர் வந்துவிட்டால் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். மூக்குத் துடைக்க, சண்டை விலக்க, போட்டோ எடுத்துத்தர. வகுப்பில் கெமர் மொழி பேசக்கூடாது என்று சுவரில் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அதை ஒட்டியது எந்த ஊர்க்காரர் என்று தெரியவில்லை. அந்த வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் புரிகிற மொழியில் பேசத் தெரிந்த ஒரே ஆளின் வாயை அடைத்த தாள் அது.

மூன்றாம் நாள் ஒன்று நடந்தது. இடைவேளையில் ஒரு சின்னப் பையன் சுவரில் தொங்கிய கெமர் எழுத்து அட்டையைக் குச்சியால் தொட்டுத் தொட்டுச் சத்தமாகப் படித்தான். நான் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் வரிசை 'க'வில் தொடங்கி 'ங'வில் முடிந்தது. அடுத்தது 'ச'வில் தொடங்கி 'ஞ'வில். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து பிறந்தது என்று எங்கோ படித்திருக்கிறேன். தேதி போட்ட மிகப் பழைய கெமர்க் கல்வெட்டு 611ஆம் ஆண்டுக்குரியது. எங்கள் கொட்டகைக்குப் பக்கத்தில் உள்ள லோலேய் கோயிலில்கூட வாசல் நிலையெல்லாம் எழுத்துதான். படித்தது வேறு. மூக்கு ஒழுகும் பிள்ளை வாயிலிருந்து க, ங, ச, ஞ என்று வரிசை மாறாமல் வந்து விழுந்தபோது, ஆறாம் வகுப்பில் என் ஆங்கில சார் நினைவுக்கு வந்தார்.

சார் எங்களுக்கு ஆங்கிலம் நடத்தியது முழுக்கத் தமிழில். "வந்தான் — ஹி கேம். வருவான் — ஹி வில் கம். நம்ம வினைக்குள்ளேயே அவன் இருக்கான், காலமும் இருக்கு. இங்கிலீஷ்காரனுக்கு அவனைத் தனியா வெளிய வைக்கணும்" என்பார். பலகையை இரண்டாகப் பிரித்து இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் ஆங்கிலம். நான் இன்று பிழைப்பு நடத்தும் ஆங்கிலம் அந்தப் பலகையின் இடது பாதியிலிருந்து வந்தது. அப்படிக் கற்ற நான், இந்தப் பிள்ளைகள் முன் அவர்கள் மொழி தெரியாத ஒருத்தியாக நின்று நிறங்களைக் கத்திக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் நியாக் க்ரூவிடம் கேட்டேன்: "நாளைக்கு நீங்க நடத்துறீங்களா? நான் பின்னாடி உட்கார்ந்துக்கிறேன்." அவள் தயங்கினாள். தன்னார்வலர் பணம் கட்டி வருவது பாடம் நடத்தத்தானே, உட்கார வைத்தால் நிர்வாகம் என்ன சொல்லும் என்று பயந்தாள். நானே போய்ப் பேசினேன். சுவரில் இருந்த தாளையும் கழற்றினோம்.

மறுநாள் நான் பார்த்த வகுப்பு வேறு. அவள் பலகையைக் கோடு போட்டுப் பிரித்தாள். கெமரில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறாது. நேற்றுப் போனாலும் நாளைக்குப் போனாலும் ஒரே சொல்தான். அதனால்தான் பிள்ளைகள் "எஸ்டர்டே ஐ கோ" என்கிறார்கள். முடிந்த காரியத்துக்கு வாக்கியத்தின் கடைசியில் 'ஹௌய்' என்று ஒரு சொல் சேர்ப்பார்கள். "அந்த ஹௌய் ஆங்கிலத்தில் வினைக்குள்ளே ஒளிந்திருக்கிறது" என்று அவள் விளக்கியிருக்கிறாள். அதை எனக்குப் பிறகு சொன்னபோது நான் வியந்துபோனேன். சார் சொன்னதை இந்தப் பக்கம் திருப்பினால் அதுதான். கெமரில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு எழுதுவதில்லை. பிள்ளைகள் ஆங்கிலத்தையும் ஒட்டி ஒட்டி எழுதியதைக் கவனக்குறைவு என்று முந்தைய தன்னார்வலர்கள் சிவப்பு மையில் சுழித்திருந்தார்கள். அவள் ஒரு வாரம் விரல் வைத்து எழுதச் சொன்னாள். ஒரு சொல், ஒரு விரல் இடம், அடுத்த சொல். சரியானது.

நான் உதவ முடிந்தது உச்சரிப்பில். கெமரில் சொல்லின் கடைசியில் 'ஸ்' என்று எழுதினாலும் மெல்லிய காற்றாகத்தான் வாயில் வரும். அதனால் ரைஸ் 'ரை' ஆகிவிடும், ஹவுஸ் 'ஹவ்' ஆகிவிடும். நமக்கு இதற்கு நேர் எதிர்க் கஷ்டம்: நாம் கடைசி மெய்யை விடமாட்டோம், ஒரு உகரத்தைச் சேர்த்து பஸ்ஸு, புக்கு என்போம். நான் அதைச் சொல்லிக்காட்டினேன். அவர்கள் விழுங்குவதும் நான் இழுப்பதும் பிழை அல்ல, அவரவர் தாய்மொழி நாக்கில் விட்ட தடம் என்று நியாக் க்ரூ கெமரில் சொன்னாள். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் என்னிடம் வாய் திறந்தார்கள். கடைசி 'ஸ்'ஸைப் பாம்பு மாதிரிச் சீறச் சொன்னோம். கொட்டகை முழுக்கச் சீறல்.

பாடப்புத்தகத்தில் "ஹவ் ஆர் யூ? ஐ'ம் ஃபைன், தேங்க் யூ" என்று இருக்கும். நோட்டுப் பிள்ளை ஒருநாள் என்னிடம் கேட்டாள், ஏன் எல்லாரும் எப்போதும் ஃபைனாகவே இருக்கிறார்கள் என்று. அவள் ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் கேட்பது "ஞாம் பாய் ஹௌய்?" சோறு சாப்பிட்டாச்சா என்று. நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தவள் என்றதும் அவளுக்கு நம்பிக்கையே வரவில்லை. அன்று மதியம் அவளுடைய யேய் எனக்கு நும் பாஞ்சோக் கொடுத்தார். புளிக்கவைத்த அரிசி மாவைப் பிழிந்து எடுத்த சேவை, மேலே மீன்குழம்பு. இடியாப்பம் மாதிரியே இருந்தது. அதையும் சொன்னேன்.

பிறகு நாங்கள் ஒரு பதிவேடு போட்டோம். நீள நோட்டு, கோடு போட்டது. தேதி, என்ன நடத்தினோம், யாருக்குப் புரியவில்லை, யார் வரவில்லை, அடுத்து என்ன. ஆங்கிலத்திலும் கெமரிலும். நான் கிளம்பிய பிறகு எந்த நாட்டிலிருந்து யார் வந்தாலும் முதலில் இதைப் படிக்க வேண்டும், நியாக் க்ரூ சொல்லும் இடத்திலிருந்து தொடர வேண்டும் என்று நிர்வாகத்தோடு பேசி முடிவு செய்தோம். அந்த இரண்டு மாதத்தில் நான் செய்த உருப்படியான காரியம் அந்த நோட்டு ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

போகலாமா கூடாதா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். அனாதை இல்லத்துக்கு மட்டும் போகாதீர்கள், யார் கூப்பிட்டாலும். மற்ற இடங்களில், நிரந்தரமாக ஓர் உள்ளூர் ஆசிரியர் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால், அவருடைய இடத்தைத்தான் உங்களை வைத்து இலவசமாக நிரப்புகிறார்கள். உங்களிடம் போலீஸ் சான்றிதழ் கேட்காத இடத்துக்கு நீங்களே போகாதீர்கள்; உங்களிடம் கேட்காதவர்கள் வேறு யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். இரண்டு வாரம் போதவே போதாது. நான் விமானத்துக்கும் அறைக்கும் நிறுவனத்துக்கும் செலவழித்ததைக் கூட்டிப் பார்த்தேன். நியாக் க்ரூவின் ஒன்றரை வருடச் சம்பளம் அது. இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் டிக்கெட் எடுக்கக்கூடாது.

அம்மா கேட்டதற்கு வருவோம். ஊருக்குப் போனபோது நான் படித்த பள்ளிக்குப் போய், சனிக்கிழமைகளில் ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கட்டுமா என்று கேட்டேன். தலைமை ஆசிரியர் கேட்டுவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலமா ஒரு டீச்சரைப் போட்டிருக்கோம்மா. நல்லா நடத்துறாங்க. மூணு மாசமா சம்பளம் குடுக்க முடியல." கம்போடியா போகும் முன் கேட்டிருந்தால் எனக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கும். இப்போது மாதாமாதம் இரண்டு இடத்துக்குப் பணம் போகிறது. இரண்டும் சம்பளம்.

2020 மார்ச்சில் கம்போடியாவில் பள்ளிகளை மூடினார்கள். விமானம் நின்றது, அங்கோர் வெறிச்சோடியது, தன்னார்வலர்கள் வருவதும் நின்றது. சுற்றுலாவை நம்பியிருந்த எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரியவில்லை. அந்த வட்டாரத்தில் வெளிநாட்டு ஆட்களை மட்டும் வைத்து நடந்த சில வகுப்புகள் அதோடு காணாமல் போயின என்று நியாக் க்ரூ சொன்னாள். அவள் டெலிகிராமில் குரல் பதிவாகப் பாடம் அனுப்பினாள். போன் இல்லாத வீடுகளுக்கு வாரம் ஒருமுறை சைக்கிளில் போய், வாசலில் நின்று நோட்டு வாங்கித் திருத்திக் கொடுத்தாள்.

அந்த ஆண்டின் கடைசியில் பதிவேட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். பன்னிரண்டு பக்கம். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் சில பக்கங்களில் என் எழுத்து, அவள் எழுத்து, பிறகு வந்த மூன்று பேருடையது. மார்ச்சுக்கு அப்புறம் கடைசி வரி வரைக்கும் ஒரே கையெழுத்து. கடைசிப் பதிவில் நோட்டுப் பிள்ளையின் பெயருக்கு எதிரே எழுதியிருந்தாள்: இறந்தகாலம் முடிந்தது, அடுத்து எதிர்காலம்.